காலண்டருக்குப் பின்னால் ஒரு கொப்புளம்

பெயிண்ட் மேல் தப்பே கிடையாது. மீட்டர் சார் வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். ஒரு பெயிண்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் புகார் பார்க்கும் வேலை அவருக்கு. வீட்டுச் சுவர் உரிகிறது, கொப்புளம் போடுகிறது, உப்புப் பூக்கிறது, கை வைத்தால் மாவாக ஒட்டுகிறது என்று யார் போன் செய்தாலும், மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் இவர் நிற்பார். தோளில் ஒரு தோல் பை. அதற்குள் சுரண்டும் தகடு, ஒரு சுருள் டேப், நாலு வெள்ளைத் துணி, ஒரு பூதக்கண்ணாடி, அப்புறம் அந்த மீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, தலையில் இரண்டு ஊசி. ஊசியைச் சுவரில் அழுத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். பத்துக்குக் கீழே என்றால் காய்ந்த சுவர், மேலே போனால் வம்பு. இந்த மீட்டரால்தான் ஆபீசில் ஆரம்பித்து அவர் குடியிருக்கும் தெரு வரைக்கும் அவர் மீட்டர் சார் ஆனார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சுவர் உரிவதற்கு ஏழே ஏழு காரணங்கள்தான் என்பது அவர் முடிவு. ஈரச் சுவரில் அடிப்பது, தூசி தட்டாமல் அடிப்பது, பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே அடிப்பது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். பிரைமர் அடிக்காமல் ஏய்ப்பது, சுவரை மழமழப்பாக்கப் பூசும் பட்டி காயும்வரை பொறுக்காதது, முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது கோட்டுக்குப் பறப்பது. கடைசியாக, பெயிண்டில் தண்ணீரைக் கலக்கு கலக்கென்று கலப்பது. இந்த ஏழில் ஒன்றை ஃபாரத்தில் டிக் அடித்து நீட்டிவிட்டு, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். நேர்மையான மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். யாருக்காகவோ ஒரு டிக்கை மாற்றிப் போட்டார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்ல முடியாது. அந்த நேர்மை கொஞ்சம் தலைக்கேறிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருடைய சொந்த வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும் என்றுதானே நினைப்பீர்கள்? மண்ணாங்கட்டி. கட்டிக் குடிவந்து ஒன்பது வருஷமாகியும் அந்த வீட்டில் ஒரு சொட்டு பெயிண்ட் பட்டதில்லை. உள்ளும் வெளியும் சாம்பல் நிறச் சிமெண்ட்டுச் சுவர். முதல் வருஷம், புதுச் சுவர், நன்றாகக் காயட்டும் என்றார். அடுத்த வருஷம் மீட்டர் பன்னிரண்டு காட்டியது. அதற்கடுத்த வருஷம் பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள், தூசி பறக்கிறது என்றார். பிறகு ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் வெயில். வெயிலில் என்ன குறை என்று கேட்டால், வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கூரியர்காரன் ஒருவன் வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்று நினைத்துப் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் ஒரு முறையல்ல, மூன்று முறை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது வருஷமாகச் சுவரில் உரசி உரசி அவளுடைய நல்ல புடவைகளுக்கெல்லாம் இடுப்புப் பக்கம் நூல் பிரிந்திருந்தது. சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ஒரு தடவை ஹால் சுவரில் சாக்பீஸால் கணக்கே போட்டுக் காட்டினாள். மனுஷன் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, சாக்பீஸ் தூள் சுவருக்கு ஆகாது என்று ஈரத்துணியால் துடைத்தார். துடைத்ததால் சுவர் ஈரமாகிவிட்டது, காய ஒரு மாதம் ஆகும் என்றார். அவளுக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதி மாளாது.

டீச்சருக்கு ஒரு தம்பி. அவன் பெயிண்டர். இதுதான் இந்தக் குடும்பத்தின் தீராத தலைவலி. அவனை ஊரே வாளி என்றுதான் கூப்பிடும், அந்தப் பெயரை வைத்ததே அத்தான்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் முதன்முதலாகச் சொந்தமாக எடுத்துச் செய்த வேலை, ஒரு பெரிய வீட்டின் மதில் சுவர். ஐந்தே மாதத்தில் கேட் பக்கம் ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்தது. புகார் போனது. பார்க்க வந்தவர் யார்? சாட்சாத் அத்தான். வீட்டுக்காரர் தினமும் அங்கே ஹோஸ் போட்டுத் தண்ணீர் அடிக்கிறார் அத்தான், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று மச்சினன் எவ்வளவோ சொன்னான். சுவர் பேசினால் போதும், பெயிண்டர் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏழாவது காரணத்தை டிக் அடித்தார். தண்ணீர் அதிகம், பெயிண்டர் தவறு. போகிற போக்கில், வாளியைப் பார்த்து வேலை செய்ப்பா என்று ஒரு வார்த்தையும் விட்டுவிட்டுப் போனார். கூட நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் மட்டும் இன்றுவரை உரியவே இல்லை.

அதோடு போயிருந்தால் சரி. கம்பெனி அங்கீகரித்த பெயிண்டர் என்று ஒரு அட்டை உண்டு. அது கையில் இருந்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று பெரிய வேலைக்குக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் ஒற்றை அறை, கக்கூஸ் கதவு, கேட் கம்பி என்று வாழ்நாளை ஓட்ட வேண்டியதுதான். அந்த அட்டைக்கு விண்ணப்பித்தால் அந்த வட்டாரத்துப் புகார் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். வாளி மூன்று முறை விண்ணப்பித்தான். மூன்று முறையும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. மச்சினன் என்பதற்காக நான் பொய்க் கையெழுத்துப் போட முடியாது என்று மீட்டர் சார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். டீச்சர் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புப் போடவில்லை, அவரும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, வேறொரு கிளையில் புகார் பார்க்கிறவர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருடைய வேலையைப் பார்க்க நாற்பத்தைந்து நாள் போய்வரும்படி மீட்டர் சாருக்கு உத்தரவு வந்தது. அவர் ஏறிய பஸ் தெருமுனை திரும்புவதற்குள் டீச்சர் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

நாற்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர், தன் வீட்டைத் தாண்டி நாலு வீடு போய்விட்டுத் திரும்பி வந்தார். வெளியே தந்த நிறம், உள்ளே ஹாலில் வெளிர் பச்சை. சுவரில் வெளிச்சம் ஓடி விளையாடியது. ஒரு கோடு தெரியவில்லை, ஒரு பிசிறு இல்லை, சுவிட்ச் பெட்டியைச் சுற்றிக்கூட ஒரு துளி சிந்தவில்லை. டீச்சர் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பயமில்லாமல் சாய்ந்து நிற்கிறாள் என்பது அந்த மனுஷனுக்கு எங்கே உறைத்தது? செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டரை எடுத்து ஊசியைச் சுவரில் அழுத்தினார். எட்டு.

இன்னொரு சுவர், ஏழு. சமையலறை, ஒன்பது. டேப்பை ஒட்டிச் சரக்கென்று இழுத்தார், டேப் சுத்தமாக வந்தது. பூதக்கண்ணாடி போட்டுத் தேடினார். ஒரு குறையும் அகப்படாத கோபம் அவருக்கு மூக்குக்கு மேல் வந்தது. யார் அடித்தது என்று கேட்டார், பதில் தெரிந்தே. என் தம்பிதான் என்று டீச்சர் சொன்னதும் முகம் விடிந்தது. அப்படியானால் ஆறு மாதத்தில் உரியும் என்றார். இப்போது மினுக்கும், ஒரு மழை பார்க்கட்டும், தோல் தோலாகக் கழன்று வரும், என் சர்வீஸில் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று அளந்துகொண்டே போனார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"சரிங்க. ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றாள். "சுவர் தாங்கிச்சுன்னா நீங்க அவன் ஃபாரத்துல கையெழுத்து போடணும். இந்த வீட்டுல எங்கயாச்சும் ஒரு உள்ளங்கை அளவு உரிஞ்சாக்கூட, நானே அவனைக் கூப்பிட்டு, பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு வேற பொழப்பைப் பாருடான்னு சொல்லிடறேன். நான் சொன்னா அவன் கேப்பான்."

கேட்பான் என்பது மீட்டர் சாருக்கும் தெரியும். அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அக்கா நில் என்றால் மழையிலும் நிற்பான். அவருக்கு ஒரு நிமிஷம் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை, சரி என்று தலையாட்டினார். விஷயத்தை வாளியிடம் சொன்னாள் டீச்சர். அக்கா வீட்டுச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மழை முடிஞ்சதும் வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனிமேல்தான் மீட்டர் சாரின் லீலைகள் ஆரம்பம். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற வீடுகளுக்கு ஒரே ஒரு தடவை போவார், பார்ப்பார், எழுதுவார், வந்துவிடுவார். இங்கே சுவர் கூடவே குடியிருக்கிறது. விடுவாரா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் எப்போதும் ஒரே இடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் சட்டம். டீச்சர் கண்ணில் படாத இடமாகவும் இருக்க வேண்டும். ஹாலில் ஒரு பெரிய தினக் காலண்டர் தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு இடம் பிடித்தார்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். டீச்சர் கடைக்குப் போனதும் காலண்டரைத் தூக்குவார், ஊசியை அழுத்துவார், எண்ணை ஒரு சின்ன நோட்டில் குறிப்பார். பிறகு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அந்த இடத்தில் பத்து நிமிஷம் ஒட்டி வைப்பார், அது ஈரம் தாங்குகிறதா என்ற சோதனை. கடைசியாக டேப். அப்புறம் காலண்டரைத் தொங்கவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் பேப்பர் படிப்பார். எட்டு, எட்டு, ஒன்பது. மழை பிடித்தது. பத்து. பத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை, தினமும் பார்க்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு ஆனது, பதினாலு ஆனது. வெளியே மழை கொட்டக் கொட்ட உள்ளே இவர் குஷியாகிக்கொண்டே போனார். மழைக்காலத்தில் புகார்கள் குவியும், வழக்கமாக எரிந்து விழுவார். இந்த வருஷம் டீயை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலில் நின்று மழையை ரசித்தார், ஒரு பழைய பாட்டை மூக்காலேயே பாடினார். கல்யாணமான புதிதில்கூட இவர் இப்படிப் பாடியதில்லையே என்று டீச்சருக்கு ஒரே யோசனை. உடம்புக்கு ஏதாவது என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் திருட்டு முழி முழித்தார்.

மழை ஓய்ந்து பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளி வந்தான். தேய்த்த சட்டை, வாரிய தலை. விண்ணப்பத்தை மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பெயர், முகவரி, அனுபவம் எல்லாம் முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. டீச்சர் மூன்று டம்ளர் டீ போட்டு வைத்தாள். யாரும் தொடவில்லை.

மீட்டர் சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அயல் வீட்டுக்குப் போவது போல் வாசலுக்குப் போய்த் திரும்பி உள்ளே வந்தார். வெளிச் சுவர் நாலும் பார்த்தார். அத்தனை மழை அடித்தும் ஒரு கீறல் இல்லை. குளியலறைச் சுவர், ஓதம் ஏறும் என்று எல்லோரும் பயப்படும் இடம், அங்கேயும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு அறை முடியும்போதும் வாளி மூச்சை விட்டான். டீச்சரின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் பேனாவை எடுத்து மேஜையில் வைத்த நேரத்தில், ஒரு நிமிஷம் என்றார் மீட்டர் சார். ஹாலுக்குப் போய்க் காலண்டரை ஆணியிலிருந்து தூக்கினார்.

உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். நடுவில் வெடித்து, பச்சைத் தோல் சுருண்டு தொங்கியது.

வாளி கிட்டப் போய்ப் பார்த்தான். விரலால் தொட்டான், கீழே பட்டி நமுத்துப் போய்ப் பிசுபிசுத்தது. அவன் முகம் செத்துவிட்டது. அத்தானைத் திட்டவில்லை, சாக்குச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை உறையிலிருந்து எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கே தெரியல அக்கா" என்றான். "கோடு போட்ட டம்ளர்லதான் அளந்து ஊத்தினேன். நீயே பாத்துட்டுதான இருந்த."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த மதில் சுவர் விவகாரத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக அவன் எந்த வேலைக்கும் கோடு கீறிய ஒரு டம்ளரைக் கையோடு கொண்டுபோகிறான். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் டீச்சர் அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். சொன்ன சொல் சொன்னதுதான், அவளும் ஒரு பிடிவாதக்காரி. அவள் ஆரம்பிப்பதும், லோடு வண்டி ஓட்ட ஒரு கூட்டாளி கூப்பிடுகிறான் அக்கா, பார்த்துக்கொள்கிறேன், நீ அழாதே என்று அவன் முந்திக்கொண்டு சமாதானம் சொல்வதும் ஹால் வரைக்கும் கேட்டது.

ஜெயித்தவர் ஹாலில் தனியாக நின்றார். ஜெயித்த சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. சமையலறையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாதபோது எல்லோரும் கை பழகிய வேலையைத்தானே செய்வோம்? அவரும் பையிலிருந்து புகார் ஃபாரத்தை எடுத்தார். உரிந்தது உரிந்ததுதான், ஆனால் காரணம் எழுதாமல் அவர் எந்தச் சுவரையும் விட்டதில்லை. ஏழில் எது?

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இந்தச் சுவருக்குப் பின்புறம் படுக்கையறை, அங்கே மழையும் இல்லை, பைப்பும் இல்லை. ஈரம் எங்கிருந்து வந்தது? கொப்புளத்துக்கு ஒரு விரல் தள்ளி ஊசியை அழுத்தினார். எட்டு. இந்தப் பக்கம், மேலே, கீழே, எல்லாம் எட்டு. தகட்டால் சுரண்டினார். சுற்றிலும் பட்டி கல் மாதிரி இருந்தது, பிரைமர் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. தண்ணீர் அதிகமாகக் கலந்திருந்தால் மொத்தச் சுவரும் அல்லவா உரிய வேண்டும்? ஒரே வாளிப் பெயிண்ட் கை அகல இடத்தில் மட்டும் எப்படித் துரோகம் செய்யும்? தொங்கிய தோலைக் கிள்ளி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. சல்லடை. ஓட்டைகள் ஜோடி ஜோடியாக இருந்தன. மீட்டரை எடுத்து இரண்டு ஊசியையும் ஒரு ஜோடி ஓட்டையில் வைத்துப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியது. நோட்டைப் புரட்டி எண்ணினார். நூற்றிப் பதினேழு தடவை. நூற்றிப் பதினேழு தடவை ஊசியால் குத்தி, குத்திய ஓட்டையில் ஈரத்துணி வைத்து, ஊறிய இடத்தை டேப் போட்டு இழுத்திருக்கிறார். ஈரம் ஏறுகிறது என்று பாட்டு வேறு பாடியிருக்கிறார்.

அந்தத் தோல் ஒரு சருகு கனம்கூட இல்லை. கையில் கசக்கி ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டால் தீர்ந்தது விஷயம். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் விரல்கள் ஒரு தடவை மடங்கத்தான் செய்தன. இருபத்திரண்டு வருஷ நேர்மையும் அந்த ஐந்து விரலுக்குள் மாட்டிக்கொண்டு தவித்தது.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். இருவரும் வந்து நின்றதும், தோலைத் தூக்கிக் காட்டி, மீட்டரை வைத்துக் காட்டி, நோட்டையும் நீட்டினார். "உரிஞ்சதுக்குக் காரணம் நான்தான்" என்றார்.

டீச்சர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கணக்கு டீச்சர் அல்லவா, தேதியும் எண்ணும் அவளுக்குக் கதை சொல்லின. மழைநாள், பாட்டு, திருட்டு முழி எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தி வர வர, அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று மீட்டர் சார் காத்திருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாளிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அத்தான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அத்தான் சிரிக்கவில்லை. அவர் மனதில் வேறொரு சுவர் வந்து நின்றுகொண்டிருந்தது. ஒரே வாளிப் பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் உரியாது என்றால், அன்றைக்கு அந்த நீளமான மதிலில் கேட் பக்கம் மட்டும் எப்படி உரிந்தது? இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாமே. வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"மச்சான்" என்றார். வாளி என்று கூப்பிடாமல் அவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. "அந்த மதில் சுவர்ல, வீட்டுக்காரர் ஹோஸ் போட்டு அடிச்சார்னு சொன்னியே. எதுக்கு அடிச்சார்?"

"அவரு கார் கழுவுற இடம் அத்தான் அது. தினமும் காலைல அரை மணி நேரம்."

"கார் கழுவுற இடம்னு அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே அத்தான்."

மீட்டர் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாரத்தை எடுத்து, ஏழு கட்டத்தையும் தாண்டிக் கீழே பேனாவால் ஒரு எட்டாவது கட்டம் போட்டார். அதற்கு நேராக, வீட்டில் இருப்பவர் செய்கை என்று எழுதி டிக் அடித்தார். மச்சினன் பையிலிருந்து விண்ணப்பத்தை அவரே எடுத்து, நாலு மடிப்பையும் முழங்காலில் வைத்து நீவினார். கையெழுத்துக்கு மேலே, இவர் வேலையின் தரம் குறித்து அதிகாரியின் கருத்து என்று ஒரு கோடு இருந்தது. ஒரே இடத்தில் நூற்றிப் பதினேழு முறை சோதித்தேன், அதன் பிறகே உரிந்தது என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மதில் சுவர் அறிக்கை தவறு என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதி, அதையும் அவன் கையில் கொடுத்தார். ஆறிப்போன டீயை அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

அன்றைக்கே கொப்புளத்தைச் சரிசெய்ய வேண்டாம் என்றான் வாளி. ஈரம் வற்ற ஒரு வாரம் விட்டான். டீச்சர் அந்த வாரம் முழுக்க மீட்டரைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். மீட்டர் சார் காலண்டர் இல்லாத அந்தச் சுவரைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாளி வந்து நமுத்த பட்டியைச் சுரண்டிப் புதிதாக வைத்தான். அது காய்ந்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, கோடு போட்ட டம்ளரில் அளந்து கலந்து இரண்டு கோட்டும் முடிய இன்னும் நாலு நாள் ஆயிற்று. கடைசி நாள் சாயங்காலம் சரிசெய்த இடம் எது, பழைய இடம் எது என்று அவன் அக்காவுக்கே தெரியவில்லை.

மீட்டர் சார் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். காய்ந்துவிட்டதா என்று கேட்டார்.

"காஞ்சிடுச்சு அத்தான்" என்றான் வாளி. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டான். "வேணும்னா தொட்டுப் பாருங்க."

மீட்டர் சாரின் வலது கை பழக்க தோஷத்தில் ஒரு சாண் தூரம் சுவரை நோக்கிப் போனது. டீச்சர் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது.

"நீ சொன்னா சரிதான் மச்சான்" என்று சொல்லிவிட்டு, காலண்டரை ஆணியில் மாட்டினார்.